தீர்க்காதிருங்கள் என்றால் வாய்திறக்காதிருங்கள் என்று பொருளா?

தம்முடைய பெயரையும் சபையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் 46 வயதுள்ள வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாகப் பெண்களுக்கான ஒரு சிறிய ஜெபக்குழுவை நடத்திவருகிறார். அந்தக் குழுவில் சொந்தத் தங்கையைப்போலப் பழகிய ஓர் இளம்பெண், கடந்த ஆண்டு திடீரென்று கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், தொலைபேசி அழைப்புகளை ஏற்கவில்லை, திருவிருந்திலும் பங்குபெறவில்லை. அதே நாள்களில், அவர் ஓர் ஆணின் காரில் செல்வதை நம் வாசகி மூன்று மாலைகளில் பார்த்திருக்கிறார். "அவள் தவறான உறவில் விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை" என்று எழுதுகிறார். குழுவில் இரண்டு பேரிடம் மட்டும், "இவளுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு சபை முழுவதும் பரவியது. பிறகு அந்தப் பெண்ணின் அக்கா நேரில் வந்து அழுகையும் கோபமுமாகச் சொன்ன பிறகே, தங்கைக்குப் புற்றுநோய் என்பதும், காரை ஓட்டியவர் சிகிச்சைக்கு அழைத்துச்சென்ற சக ஊழியர் என்பதும் இவருக்குத் தெரியவந்தன. அந்தப் பெண் சபையைவிட்டே போய்விட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திக்கு நான்கு மாதமாகப் பதில் இல்லை.

கடிதத்தின் இரண்டாம் பகுதி வேறொரு பிரச்சினையைப் பற்றியது. குழுவின் ஏழைகள் உதவிநிதிக்கு இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு காட்டப்படவில்லை. ஒரே எண்ணுள்ள இரண்டு ரசீதுகளையும் வாசகி பார்த்திருக்கிறார். பொருளாளரிடம் மெதுவாகக் கேட்டபோது, அருகிலிருந்த மூப்பர் ஒருவர், "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பது உங்களுக்குத்தானே முதலில் பொருந்தும், அம்மா?" என்றாராம். அன்றிலிருந்து இவர் வாய்திறப்பதில்லை. இனி யாரைப் பற்றியும் எந்தக் கருத்தும் கொள்வதில்லை என்று ஆண்டவரிடம் பொருத்தனையும் செய்திருக்கிறார். அவர் கேட்பவை: அந்தச் சகோதரியை நேரில் போய்ப் பார்க்கலாமா? கணக்கைப் பற்றி மௌனமாக இருப்பதுதான் சரியா? மனதில் தானாகவே எழும் எண்ணமும் பாவமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். இரண்டு நிகழ்ச்சிகளையும் நீங்கள் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள்: முன்பு தீர்ப்புச் சொல்லிப் பாவம் செய்தேன், ஆகவே இப்போது கணக்குக் கேட்பதும் பாவமாகிவிடும் என்று. முதலாவதில் நீங்கள் விசாரிக்காமலே முடிவுக்கு வந்தீர்கள். இரண்டாவதில், விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரிக்க மறுக்கிறீர்கள். வெளிப்பார்வைக்கு இவை எதிரெதிராகத் தோன்றினாலும், கேட்டுத் தெரிந்துகொள்ளும் சிரமத்தைத் தவிர்த்துவிட்டோம் என்பது இரண்டுக்கும் பொது.

வேதாகமத்தில் இந்த இரண்டு தவறுகளையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார். சீலோவில் ஆசாரியனாக இருந்த ஏலியைச் சொல்கிறேன். ஆலயத்தின் வாசல் நிலையருகே ஆசனத்தில் உட்கார்ந்தபடி, பிள்ளையில்லாத துயரத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளின் வாயை அவர் கவனித்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவு செய்து, குடியை விட்டுவிடும்படி அவளைக் கண்டித்தார். அதே ஏலியின் குமாரராகிய ஓப்னியும் பினெகாசும் ஜனங்கள் கொண்டுவந்த பலிகளின் மாம்சத்தைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது உதட்டசைவைப்போல ஊகிக்க வேண்டிய காரியமாக இருக்கவில்லை, ஊரறிந்த சங்கதி. ஏலி அவர்களிடம் வருத்தத்தோடு பேசிப்பார்த்தார், ஆனால் அவர்களை அடக்கவில்லை. அறிந்திருந்தும் அடக்காமற்போனதற்காகவே அவருடைய வீட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது என்று சாமுவேலின் முதலாம் புத்தகம் 3-ஆம் அதிகாரம் சொல்கிறது. தெரியாத இருதயத்தின்மேல் அவசரமும் தெரிந்த குற்றத்தின்மேல் தயக்கமும் கொண்ட இந்த ஏலியை நாம் எல்லாரும் நமக்குள் சுமக்கிறோம் என்றே நினைக்கிறேன். ஆயினும் அவரை முழுவதும் குறைசொல்வதற்கில்லை. "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று அன்னாள் விளக்கம் சொன்னபோது அவர் தம் வார்த்தையைக் காத்துக்கொள்ளப் பார்க்காமல், அதே இடத்தில் மனம்மாறி, சமாதானத்தோடே போகும்படி அவளை ஆசீர்வதித்தார். அந்த விரைவு உங்களுக்கும் வாய்த்திருக்கிறது. அக்கா வந்து சொன்னபோது நீங்கள் சாக்குச் சொல்லவில்லை.

அந்த வசனம் எதைத் தடுக்கிறது

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை மூப்பர் உங்களிடம் முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டார். அங்கே வரும் 'கிரினோ' என்ற கிரேக்கச் சொல் விரிந்த பொருளுடையது. பிரித்தறிதல், முடிவு செய்தல், வழக்கு விசாரித்தல், தண்டனைத் தீர்ப்பு வழங்குதல் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். ஆகவே எந்தப் பொருளில் வருகிறது என்பதை அந்தப் பகுதியின் போக்கிலிருந்தே காண வேண்டும். நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்று விரித்துச் சொல்லியிருப்பது பெரிய உதவி. தடுக்கப்படுவது நன்மை தீமை அறிதல் என்றால், ஐந்தாம் வசனத்தில் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்று ஆண்டவர் சொல்லியிருக்க முடியாது. ஆறாம் வசனத்தில் பரிசுத்தமானதை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்றும், பதினைந்தாம் வசனத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்றும் கட்டளையிட்டிருக்கவும் முடியாது. பகுத்தறியாதவர் எப்படி எச்சரிக்கையாயிருப்பார்? யோவான் 7:24-இல், "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்" என்றே சொல்கிறார்.

அப்படியானால் நமக்கு விலக்கப்பட்டிருப்பது எது? ஒருவருடைய இருதயத்தின் நோக்கத்தை அறிந்தவர்போலப் பேசுவதும், இவர் இவ்வளவுதான் என்று அவருடைய முடிவை எழுதிவிடுவதும். "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று ரோமர் 14:4-இல் பவுல் கேட்கும்போது, நியாயாசனத்தில் ஏற்கெனவே ஒருவர் வீற்றிருக்கிறார் என்பதையே நினைவூட்டுகிறார். செயலைத் தவறு என்று சொல்ல நமக்கு இடமுண்டு. ஆளை முடித்துவைக்க இடமில்லை.

தன் கண்ணில் உத்திரம் இருக்கச் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்ப்பவனைப் பற்றிய உவமையில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. துரும்பு விழுந்திருப்பது கண்ணில். கண்ணை அதற்குரியவர்தாம் திறந்து காட்ட வேண்டும். இறுக மூடிக்கொண்ட கண்ணிலிருந்து எவரும் துரும்பெடுக்க முடியாது. நம்பிக்கையைச் சம்பாதிக்காத கைக்கு அந்த வேலை இல்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு அந்தச் சகோதரி கண்ணைத் திறந்து காட்டியிருக்கவில்லை.

நீங்கள் கண்டதும் காணாததும்

நீங்கள் கண்டது ஒரு பெண், ஒரு வாகனம், மூன்று மாலைகள். மீதியை உங்கள் மனம் எழுதிச் சேர்த்தது. இதை உங்களுடைய தனிப்பட்ட கொடுமை என்று எண்ணாதீர்கள். மனித மனம் பொதுவாகவே பிறருடைய நடத்தைக்குக் காரணத்தை அவருடைய குணத்தில் தேடுகிறது, தன் நடத்தைக்கு மட்டும் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை, அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்தும்படி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தார். அவரும் ஆய்வின் ஏற்பாடுதான். நேரம் இருக்கிறது என்று நம்பிச் சென்றவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே உதவினார்கள். பேசப்போகும் பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமையாக இருந்ததுகூடக் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் நாம், கடந்துபோன மாணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லியிருப்போம். கடிகாரத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

இதிலிருந்தே உங்கள் மூன்றாம் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எண்ணம் எழுவது பாவமல்ல. அதை ஆராயாமல் உண்மையென்று ஏற்று உட்காரவைக்கும்போதுதான் அது தீர்ப்பாகிறது. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 18:13. எண்ணம் வந்ததும் அதை ஒரு கேள்வியாக மாற்றிவிடுங்கள். 'இவள் கெட்டுப்போனாள்' என்பதை 'இவளுக்கு என்ன ஆயிற்று?' என்று மாற்றியிருந்தால், அந்த மூன்று மாலைகளும் உங்களை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோயிருக்கும். ஆகவே 'எந்தக் கருத்தும் கொள்ள மாட்டேன்' என்ற பொருத்தனை உங்களால் காக்கக்கூடியதும் அல்ல, காக்க வேண்டியதும் அல்ல. அவசரத்தில் செய்த அதை ஆண்டவரிடமே சொல்லி விட்டுவிடுங்கள். அதுபற்றி உங்கள் மனச்சாட்சி உறுத்தினால், போதகரோடு சேர்ந்து ஜெபித்து முடித்துக்கொள்ளலாம்.

ஜெபக்குறிப்பு என்ற போர்வை

இங்கே சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'இரண்டு பேரிடம் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவதூறு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. 'ஜெபத்துக்காகச் சொல்கிறேன்' என்ற முன்னுரை கேட்பவருடைய தடையை எடுத்துப்போடுகிறது, சொல்பவருக்கோ பக்தியின் மரியாதையைக் கொடுக்கிறது. ஆண்டவருக்குச் செய்தி தெரிவிக்க இரண்டு பேருடைய உதவி தேவைப்படவில்லை. சம்பந்தப்பட்டவருடைய அனுமதி இல்லாமல் அவருடைய பெயர் ஜெபக்குறிப்பாக வெளிவரக்கூடாது என்பதை உங்கள் குழுவின் நடைமுறையாகவே வைத்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்கிறேன்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைச் சிலர் எட்டாவதாகவும் சிலர் ஒன்பதாவதாகவும் எண்ணுவார்கள்; அதன் விரிவைப் பற்றிச் சபைப் பிரிவுகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பிறனுக்காகப் பரிந்து பேசி, அவன் செய்வதற்கெல்லாம் இயன்றவரை நல்ல பொருள் கொள்வதையும் இந்தக் கட்டளையின் கடமையாக விளக்கினார். 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் நுட்பமாக மூன்றைப் பிரிக்கிறது: போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் குற்றம் இருப்பதாக மனதுக்குள் ஏற்பது, உண்மையான குறையைத் தக்க காரணமின்றி அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது, பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது. இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். உங்கள் ஊகம் உண்மையாகவே இருந்திருந்தாலும், அந்த இருவரிடம் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்திருக்காது. 'என் ஊகம் தப்பாகிவிட்டதே' என்று நீங்கள் பலமுறை வருந்துகிறீர்கள். அந்த வருத்தம் சற்று இடம் மாறி விழுந்திருப்பதாகத் தோன்றுகிறது.

அந்தச் சகோதரிக்கு நீங்கள் செய்யக்கூடியது

நேரில் போகலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் ஒருவர், தம்மைக் காயப்படுத்தியவரை எதிர்பாராமல் வாசலில் சந்தித்து, அவருடைய கண்ணீரையும் தேற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக்கூடாது. கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, அவருடைய அக்காவிடம் கொடுங்கள். தங்கை விரும்பும்போது கொடுக்கலாம், விரும்பாவிட்டால் கொடுக்காமலே இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். கடிதத்தில் என்ன செய்தீர்கள் என்பதை நேராக எழுதுங்கள்: யாரிடம், என்ன சொன்னீர்கள், அதற்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை என்று. 'உன்மேல் இருந்த அக்கறையினால்தான்' என்று ஒரு வரி வந்தால் அதை அடித்துவிடுங்கள். மன்னித்துவிட்டேன் என்ற பதிலையும் கேட்காதீர்கள். அதைக் கொடுப்பதும் கொடுக்காமலிருப்பதும் அவருடைய உரிமை. அவர் ஒருபோதும் பதிலளிக்காமல் போகலாம். அந்த வாய்ப்பையும் ஏற்றுக்கொண்டுதான் நீங்கள் எழுத வேண்டும்.

இதைவிட முக்கியமானதும் கடினமானதும் ஒன்று உண்டு. முதலில் சொன்ன அந்த இருவரிடமும், அவர்கள் வழியாகக் கேட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் போய், "நான் சொன்னது பொய், அது என் ஊகம்" என்று திருத்துங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அவரைத் தூய்மைப்படுத்தும் ஆர்வத்தில், "பாவம், அவளுக்குப் புற்றுநோயாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள்" என்று சொல்லிவிடாதீர்கள். நோயைப் பற்றி யாரும் அறியக்கூடாது என்பதற்காகத்தானே அவர் விலகியிருந்தார்! முதல்முறை பொய்யைச் சொன்னீர்கள். இப்போது உண்மையைச் சொல்லி அதே உரிமையை இன்னொருமுறை மீறக்கூடாது. "அப்படியானால் உண்மை என்ன?" என்று அவர்கள் கேட்பார்கள். "அது நான் சொல்ல வேண்டிய காரியமல்ல" என்பதோடு நிறுத்துங்கள். விளக்கம் தராமல் திருத்துவதால் உங்கள் மதிப்புத்தான் குறையும். அந்த நஷ்டம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கணக்கைக் கேட்பது பற்றி

கணக்குக் கேட்பது யாரையும் குற்றவாளியென்று தீர்ப்பதாகாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தம் உடன் ஊழியராகிய தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த வேறு சகோதரரையும் அனுப்பினார். யாரும் குற்றப்படுத்த இடமில்லாதபடிக்குக் "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார். அப்போஸ்தலனே தம்மேல் சந்தேகம் எழுமுன் கணக்கைத் திறந்துவைத்தார் என்றால், ஒரு பொருளாளர் அதனால் அவமானப்பட எதுவும் இல்லை. கணக்கு நேர்மையானால், காட்டப்படும் கணக்கே அவருக்குப் பாதுகாப்பு.

முறை என்று பார்த்தால் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் படிகள் போதும். முதலில் பொருளாளரைத் தனியே சந்தியுங்கள். "ஒரே எண்ணில் இரண்டு ரசீது பார்த்தேன், எனக்குப் புரியவில்லை, விளக்குவீர்களா?" என்று கேளுங்கள். அச்சகத்தின் பிழையாக இருக்கலாம், இரண்டு ரசீதுப் புத்தகங்கள் ஒரே எண்ணில் தொடங்கியிருக்கலாம், கையாடலாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யோர்தான் ஓரத்தில் ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் ஒரு பெரிய பீடத்தைக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டதும், மற்றக் கோத்திரங்கள் யுத்தத்துக்கே கூடின. ஆனால் புறப்படுமுன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரித்தார்கள். (இந்தப் பினெகாஸ் எலெயாசாரின் குமாரன், ஏலியின் மகன் வேறு.) அது பலிபீடமல்ல, சாட்சிக்கான அடையாளம் என்று தெரிந்தது, படையெடுப்பு நின்றது. யோசுவா 22-இல் உள்ள அந்த நிகழ்ச்சியில், அவர்கள் தங்கள் கவலையை மென்று விழுங்கவுமில்லை, கேட்காமல் வாளெடுக்கவுமில்லை.

தனியே கேட்டும் விளக்கம் கிடைக்காவிட்டால், நம்பத்தகுந்த ஒருவரோ இருவரோ உடன்வர மறுபடியும் கேளுங்கள். அதன்பின் போதகரிடமோ நிர்வாகக் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள். எழுதும்போது நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த ரசீது, எந்தத் தேதி, எத்தனை மாதக் கணக்கு வரவில்லை. 'திருடினார்' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. அது நீதிக்கும் ஒவ்வாது. நிரூபிக்க முடியாமல்போனால் சட்டப்படி உங்களையே சிக்கவைக்கும். நிதி பதிவுபெற்ற அமைப்பின் பெயரில் இருந்தால், கணக்கு காட்டுவது பெரும்பாலும் சட்டக்கடமையும்கூட. எனவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

அந்த மூப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்க்காதிருங்கள் என்ற வசனத்தைச் சொல்லியே அவர் உங்களைத் தீர்த்துவிட்டார். அதற்காக நாம் இப்போது அவரைத் தீர்க்க வேண்டாம். சபையில் மறுபடியும் ஒரு சண்டை வரக்கூடாது என்ற அச்சத்தில் பேசியிருக்கலாம். ஆனால் அந்த வசனம் கேள்விகளை அடைக்கும் கதவாகப் பயன்படுவதை ஏற்க முடியாது. பணத்தில் நடப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வீட்டில் அடி உதையோ, ஒரு குழந்தைக்குத் தீங்கோ நடப்பதாகத் தெரியவரும்போது இதே வசனத்தைச் சொல்லி வாயடைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மத்தேயு 18-இன் முதல் படியைக்கூட எதிர்பார்க்கக்கூடாது. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பும் சட்டத்தின் உதவியும் உடனடியாகத் தேவை.

கடைசியாக, உங்களைப் பற்றி. "நான் ஜெபக்குழுவை நடத்தத் தகுதியற்றவள், ஆண்டவர் என்னை மன்னித்தாலும் நான் என்னை மன்னிக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 4-இல் பவுல், மற்றவர்கள் தம்மைக் குறித்துச் சொல்லும் தீர்ப்பை அற்பமாக எண்ணுவதாகச் சொல்லிவிட்டு, "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை" என்றும் சேர்க்கிறார். பிறரை விசாரிக்க நீங்கள் ஏறியமர்ந்த அதே ஆசனத்தில்தான் இப்போது உங்களை விசாரிக்கவும் அமர்ந்திருக்கிறீர்கள். இறங்கிவிடுங்கள். குழுவைச் சில மாதங்கள் வேறொருவர் நடத்தட்டும் என்று விட்டுக்கொடுப்பது நல்லது. அதை உங்களுக்கு நீங்களே கொடுக்கும் தண்டனையாக்காமல், திருத்தவேண்டியதைத் திருத்துவதற்கான அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கடிதத்தை எழுதி அக்காவிடம் சேர்த்துவிடுங்கள். அந்த இருவரையும் அடுத்த கூட்டத்துக்கு முன்பே சந்தியுங்கள். பொருளாளரிடம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முதலாவதைச் செய்து முடித்த பிறகு உங்கள் குரல் வேறாக இருக்கும். என்றாவது ஒருநாள் அந்தச் சகோதரி மறுபடியும் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால், சிகிச்சையைப் பற்றி அவராகப் பேசும்வரை நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் இடம்விட்டு உட்காருங்கள்.